ஃபியூஜி 400 எஃப் 2.8 செய்ய வேண்டுமா?

ஃபியூஜிஃபிலிம் தன் எக்ஸ் மவுண்டுக்கு (கேமராவில் லென்ஸ் மாட்டும் இணைப்பு) இதுவரை கொடுத்தவற்றில், தொலைவில் உள்ளதை நெருக்கிக் காட்டும் பெரிய டெலி லென்ஸ் என்று சொல்லத்தக்கவை நான்கு: 2016-ல் 100-400, 2018-ல் 200 எஃப் 2, 2022-ல் 150-600, 2024-ல் 500 எஃப் 5.6. முதல் எண் மி.மீ. கணக்கில் குவியத் தூரம்; எஃப் எண் சிறிதாக ஆக ஒளி அதிகம் புகும். கேனன், நிக்கான், சோனி மூன்றும் வைத்திருக்கிற 400 எஃப் 2.8, 600 எஃப் 4 என்கிற ஜோடி இந்த வரிசையில் இல்லை. அவற்றில் ஒன்றை வாங்கும் பணத்தில் ஒரு கார் வாங்கலாம். பறவைகளையும் விளையாட்டையும் எடுப்பவர்களில் ஒரு சாரார், அந்த இடம் காலியாக இருக்கும்வரை ஃபியூஜியை நம்பித் தொழிலில் இறங்க முடியாது என்கிறார்கள். இன்னொரு சாரார், நூறு பேர் வாங்கும் லென்ஸுக்கு எதற்கு இத்தனை செலவு என்கிறார்கள்.

நிறுவனத்தின் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. பெரிய ஜோடியைச் செய்வது. நடுத்தர அளவில் கனம் குறைந்த ஒற்றைக் குவிய (ஜூம் இல்லாத) லென்ஸ்களைச் செய்வது. மெதுவான, அதாவது எஃப் எண் பெரிதான, நீள ஜூமோடு நிறுத்திக்கொள்வது. நீள லென்ஸ்களை சிக்மா, டாம்ரான் போன்ற வெளி நிறுவனங்களிடம் விட்டுவிடுவது.

முதலிலேயே ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். ஃபியூஜிக்குத் திறமை போதாது என்பது காரணமே அல்ல. மைதானங்களில் தொலைக்காட்சிக் கேமராக்களின் முன்னால் பெட்டி போல நிற்கும் லென்ஸ்களில் அதன் லென்ஸ் பெயரான ஃபியூஜினானைப் பல ஆண்டுகளாகப் பார்க்கலாம். 2022-ல் அதே நிறுவனம் 25 முதல் 1000 மி.மீ. வரை போகும் டூவோ என்ற லென்ஸை சினிமா கேமராக்களின் பிஎல் மவுண்டுக்குக் கொண்டுவந்தது. 400 எஃப் 2.8 செய்யத் தெரியாதவர்கள் அல்ல. செய்தால் எக்ஸ் மவுண்ட் பயனருக்கு என்ன கிடைக்கும் என்பதுதான் கேள்வி.

முன்கண்ணாடியின் கணக்கு

குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் லென்ஸின் திறப்பு விட்டம் வரும். 400-ஐ 2.8-ஆல் வகுத்தால் 143 மி.மீ. 600-ஐ 4-ஆல் வகுத்தால் 150. முன்கண்ணாடி இதைவிடச் சிறியதாக இருக்க முடியாது. நீள லென்ஸ்களில் அது ஏறக்குறைய இதே அளவில்தான் இருக்கும். இந்தக் கணக்கில் சென்சாரின் அளவு எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அகலக் கோண லென்ஸைச் சிறிய சென்சாருக்காகச் சிறிதாக்க முடியும். 400 எஃப் 2.8 லென்ஸை அப்படிச் சிறிதாக்க முடியாது. எக்ஸ் மவுண்டுக்குச் செய்தாலும் அது முழுச் சட்டகக் கேமராவுக்கு (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் கொண்டது) செய்த லென்ஸின் பருமனிலும் கனத்திலும்தான் வரும்.

அடுத்த படி இன்னும் முக்கியம். எக்ஸ் மவுண்ட் கேமராக்களில் உள்ள, முழுச் சட்டகத்தைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரில் 400 மி.மீ. காட்டும் கோணம், முழுச் சட்டகத்தில் 600 காட்டும் கோணம். ஒரே இடத்தில் நின்று, ஒரே பறவையை, ஒரே ஷட்டர் வேகத்தில், ஃபிரேமில் ஒரே அளவில் எடுக்கும்போது அந்தப் பறவையிலிருந்து சென்சாருக்கு வந்து சேரும் ஒளி எவ்வளவு என்பதைத் திறப்பு விட்டம்தான் முடிவு செய்கிறது. அதனால் ஃபியூஜியில் 400 எஃப் 2.8 என்பது, நாய்ஸ் (படத்தில் தெரியும் புள்ளிப்புள்ளியான பிசிறு) கணக்கிலும் பின்புல மங்கல் கணக்கிலும், முழுச் சட்டகத்தில் 600 எஃப் 4.2 மாதிரி. 143-ம் 150-ம் கிட்டத்தட்ட ஒன்றுதான். வாங்குபவர் மூன்று கிலோ தூக்குவார், பன்னிரண்டாயிரம் டாலர் கொடுப்பார், சோனியிலோ நிக்கானிலோ 600 எஃப் 4 வைத்திருப்பவருக்குக் கிடைக்கும் அதே படம்தான் இவருக்கும் கிடைக்கும். கேமரா சிறியது, பை சிறியது என்று ஃபியூஜிக்கு வந்தவருக்கு அந்த லாபம் முழுவதும் இந்த ஒரு லென்ஸில் போய்விடும்.

கீழே உள்ளவற்றை ஒருமுறை பாருங்கள். வரிசை: லென்ஸ், திறப்பு விட்டம், கனம், அறிமுகமானபோது அமெரிக்காவில் இருந்த விலை. விலையை அருகிலுள்ள நூறுக்குச் சரிசெய்திருக்கிறோம். பிற்பாடு ஏறி இறங்கியதைச் சேர்க்கவில்லை.

ஃபியூஜி 150-600 எஃப் 5.6-8: 75 மி.மீ., 1,605 கிராம், 2,000 டாலர்
ஃபியூஜி 500 எஃப் 5.6: 89 மி.மீ., 1,335 கிராம், 3,000 டாலர்
ஒலிம்பஸ் 150-400 எஃப் 4.5: 89 மி.மீ., 1,875 கிராம், 7,500 டாலர்
நிக்கான் 600 எஃப் 6.3 பிஎஃப்: 95 மி.மீ., 1,470 கிராம், 4,800 டாலர்
ஃபியூஜி 200 எஃப் 2: 100 மி.மீ., 2,265 கிராம், 6,000 டாலர்
சோனி 300 எஃப் 2.8: 107 மி.மீ., 1,470 கிராம், 6,000 டாலர்
நிக்கான் 800 எஃப் 6.3 பிஎஃப்: 127 மி.மீ., 2,385 கிராம், 6,500 டாலர்
சோனி 400 எஃப் 2.8: 143 மி.மீ., 2,895 கிராம், 12,000 டாலர்
கேனன் ஆர்எஃப் 600 எஃப் 4: 150 மி.மீ., 3,090 கிராம், 13,000 டாலர்
நிக்கான் 600 எஃப் 4 டிசி: 150 மி.மீ., 3,260 கிராம், 15,500 டாலர்

நூறு மி.மீ. சுற்றுவட்டாரத்தில் விலை ஆறாயிரத்தை ஒட்டி நிற்கிறது. 140-ஐத் தாண்டியதும் இரட்டிப்பாகிறது. காரணம் கண்ணாடியில் இருக்கிறது. 89-லிருந்து 143-க்குப் போகும்போது விட்டம் 1.6 மடங்குதான். பரப்பு 2.56 மடங்கு. ஒரே வடிவத்தில் பெரிதாக்கினால் கண்ணாடியின் பருமன் நான்கு மடங்கைத் தாண்டும். நிறப்பிசிறை (ஓரங்களில் நிறம் பிரிந்து தெரிவதை) குறைக்கும் ஈடி கண்ணாடியை அவ்வளவு பெரிய கட்டியாக வார்த்தால் மிக மெதுவாக ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் உள்ளே இறுக்கம் தங்கி, ஒளி ஒவ்வோர் இடத்தில் ஒவ்வொரு விதமாக வளையும். ஃப்ளோரைட் என்றால் படிகத்தையே வளர்த்தெடுக்க வேண்டும். அது மெருகேற்றும்போது எளிதில் பிளக்கும், வெப்பத்துக்கு அதிகம் விரியும். கேனனின் பெரிய லென்ஸ்களுக்கு வெள்ளை நிறம் வந்ததற்கும் இந்த வெப்பம்தான் காரணம். கழித்துப்போட வேண்டிய கண்ணாடி அதிகம், கையால் பொருத்திச் சரிபார்க்கும் நேரம் அதிகம், விற்கும் எண்ணிக்கை குறைவு. விலை இந்த மூன்றிலிருந்தும் ஏறுகிறது.

நிக்கான் 800 மட்டும் இந்த வரிசையில் தனித்து நிற்கிறது. அதில் உள்ள பிஎஃப் கண்ணாடி, மேற்பரப்பில் நுண்ணிய வளையப் படிகள் கொண்டது. அது நிறப்பிசிறைத் திருத்திவிடுவதால் லென்ஸைக் குட்டையாகவும் கனம் குறைவாகவும் கட்டலாம். எதிர்வெயிலில், ஃபிரேமுக்குள் பலமான விளக்கு இருக்கும்போது, அந்த வளையங்களாலேயே நிற வளையம் போல ஒரு ஒளிச்சிதறல் வரும். நீர்ப்பரப்பில் மின்னும் வெயிலில் பறவை எடுப்பவர் அதைப் பார்ப்பார். மற்றபடி இந்த வழி பலித்திருக்கிறது. 2018-ல் பழைய எஃப் மவுண்டுக்கு 500 எஃப் 5.6 பிஎஃப் அறிவித்தபோது ஆர்டர்கள் குவிந்து, தாமதத்துக்கு நிக்கான் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது.

பெரிய ஜோடியோடு சேர்ந்து வருபவை

400 எஃப் 2.8 வாங்குகிறவர் கண்ணாடியை மட்டும் வாங்குவதில்லை. அதனால் நிறுவனமும் கண்ணாடியை மட்டும் விற்க முடியாது. இந்தப் பகுதியைத்தான் விவாதங்களில் வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

முதலில் ஆட்டோஃபோகஸ். 30 மீட்டரில் ஒரு ஓட்டக்காரர் கேமராவை நோக்கி வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வருகிறார். ஏபிஎஸ்-சி சென்சாரில் 400 எஃப் 2.8 தரும் தெளிவின் ஆழம் மொத்தம் சுமார் 63 செ.மீ.; ஃபோகஸ் புள்ளிக்கு முன்னும் பின்னும் ஏறக்குறைய 31 செ.மீ. வினாடிக்கு 40 ஃபிரேம் எடுத்தால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அவர் 20 செ.மீ. நெருங்குகிறார். ஃபோகஸ் இரண்டு ஃபிரேம் பின்தங்கினால் 40 செ.மீ. பிழை. முகம் போய் முதுகுப் பக்கம் தெளிவாகும். அதே ஆளை அதே அளவில் ஃபிரேமில் வைத்து 600 எஃப் 8-ல் எடுப்பதானால் 45 மீட்டர் தள்ளி நிற்பீர்கள், ஆழம் 1.8 மீட்டர். அதே இரண்டு ஃபிரேம் பின்தங்கல் கண்ணுக்கே தெரியாது. எஃப் 8 மூடிமறைக்கிற ஆட்டோஃபோகஸ் குறையை எஃப் 2.8 வெளியே கொண்டுவந்துவிடும். ஃபோகஸ் பின்தொடர்தலில் ஃபியூஜி இன்னும் மேலேற வேண்டும் என்பது அதன் பயனர்கள் எல்லோரும் அறிந்தது. அந்த நிலையில் 12,000 டாலர் லென்ஸை முன்னால் வைத்தால், லென்ஸுக்குக் கெட்ட பெயர் வரும்.

இரண்டாவது, இரவல் லென்ஸும் பழுதுபார்ப்பும். ஒலிம்பிக் போன்ற இடங்களில் கேனன், நிக்கான், சோனி மூன்றும் செய்தியாளர் மையத்திலேயே சேவை அறை திறக்கின்றன. காலையில் கீழே விழுந்த லென்ஸைக் கொடுத்துவிட்டு மாற்று லென்ஸோடு மதியப் போட்டிக்குப் போய்விடலாம். பெரிய லென்ஸ் விழுந்தால் வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே ஒரு கண்ணாடிக் குழு சாய்ந்துவிடும். தொலைவில் உள்ள ஒரு சிறிய விளக்கைச் சற்றே ஃபோகஸ் தவறவிட்டுப் பார்த்தால் வட்டமாகத் தெரிய வேண்டிய புள்ளி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு தெரியும். அதை நேராக்க ஒளியியல் மேசை, அளவுக்கருவி, உதிரிப் பாகம், பயிற்சி பெற்ற ஆள் நான்கும் வேண்டும். ஒரு நாட்டில் பத்து லென்ஸ் விற்றாலும் இந்த நான்கும் அங்கே இருந்தாக வேண்டும்.

மூன்றாவது, வாடகைச் சந்தை. இத்தனை விலை உள்ள பொருளை யாரும் தொட்டுப் பார்க்காமல் வாங்குவதில்லை. வாடகைக் கடைக்காரர் மாதத்தில் பல நாள் வெளியே போகும் லென்ஸைத்தான் வாங்கி வைப்பார். கேமரா உடல்கள் குறைவாக உள்ள மவுண்டுக்கு அவர் வாங்க மாட்டார். வாடகைக்குக் கிடைக்காததால் முயன்று பார்ப்பவர் இல்லை, அதனால் வாங்குபவரும் இல்லை, பழைய லென்ஸாக விற்கவும் ஆள் இல்லை.

நான்காவது, மவுண்டின் ஆயுள். இந்த லென்ஸை ஒருவர் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு வாங்குகிறார். சோனி 2012-ல் ஏ மவுண்டுக்கு 500 எஃப் 4 கொண்டுவந்தது. விலை 13,000 டாலர். 2021-ல் ஏ மவுண்ட் கேமராக்களே நின்றுபோயின. அதே 2012-ல் பென்டாக்ஸ் 560 எஃப் 5.6 கொண்டுவந்தது. ஆறே கண்ணாடிகள், அரை மீட்டருக்கும் கூடுதலான நீளம், மூன்று கிலோவுக்கும் மேல், 7,000 டாலர். ஒளியியலில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் பறக்கும் பறவையைப் பின்தொடரும் உடல் அந்த நிறுவனத்திடம் இல்லாததால், அந்த விலைக்கு அது போட்டியாளர்களிடமிருந்து ஆட்களை இழுக்கவில்லை. சாம்சங் 2014 ஃபோட்டோகினாவில் 300 எஃப் 2.8 லென்ஸைக் கண்ணாடிப் பெட்டிக்குள் காட்டியது. அது கடைக்கு வரும் முன்பே அந்த நிறுவனம் கேமராத் தொழிலை விட்டு விலகிக்கொண்டது.

எதிர்ப்பக்கம் சோனியின் ஈ மவுண்ட் இருக்கிறது. இதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரிய லென்ஸ் வேண்டும் என்பவர்களின் வலுவான சான்று இதுதான். 2017-ல் ஏ9 உடல். 2018-ல் 400 எஃப் 2.8. 2019-ல் 600 எஃப் 4, கூடவே சாமானியருக்கு 200-600. 2020-ல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தன் புகைப்படக்காரர்களுக்கும் வீடியோ செய்தியாளர்களுக்கும் சோனி கருவிகளை மட்டுமே கொடுப்பதாக அறிவித்தது. அந்த இரண்டு லென்ஸ்கள் இல்லாமல் அந்த ஒப்பந்தத்தைக் கற்பனை செய்ய முடியாது. அங்கே லென்ஸ் விற்ற லாபம் சிறியது. மைதான ஓரத்தில் நிறுவனம் பிடித்த இடம் பெரியது.

ஆனால் வரிசையைப் பாருங்கள். கண் இமைக்காமல் எடுக்கும் உடல் முதலில் வந்தது. ஃபியூஜியில் அது தலைகீழாக நடந்தது. 200 எஃப் 2 லென்ஸை 2018-ல் கொடுத்தார்கள். அதற்கேற்ற, படத்தை மிக வேகமாகப் படிக்கும் அடுக்கு சென்சார் உடலான எக்ஸ்-எச்2எஸ் 2022-ல்தான் வந்தது. நான்கு ஆண்டுகள் அந்த லென்ஸ் தன் வேகத்தைக் காட்ட உடல் இல்லாமல் இருந்தது. அருமையான லென்ஸ் அது. கூடவே தரும், குவியத் தூரத்தை நீட்டும் 1.4 மடங்கு கன்வெர்ட்டரைப் போட்டால் 280 எஃப் 2.8 ஆகிறது, கோணத்தில் முழுச் சட்டகத்தின் 420-க்குச் சமம். கால்பந்து மைதானத்தில் 400 எஃப் 2.8 பார்க்கும் அதே கோணம், அதே ஷட்டர் வேகம், அதே ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு). நாய்ஸ் ஒரு ஸ்டாப்புக்கு (ஒளி பாதியாவது ஒரு ஸ்டாப்) சற்றுக் கூடுதல், கையில் பாதி விலை மிச்சம். விளையாட்டை எடுப்பவர்கள் கேட்பது இதைத்தான், அது முன்பே செய்யப்பட்டுவிட்டது என்பது பலருக்கு நினைவில் இல்லை.

எஃப் 8 ஜூமோடு நிறுத்திக்கொண்டால்

150-600 எளிய தேர்வு. எக்ஸ்-எச்2எஸ் உடலோடு ஒரே நேரத்தில் அறிவித்தார்கள், அது சரியான முறை. ஜூம் செய்யும்போது குழல் வெளியே நீளாது. அதனால் தூசியை உறிஞ்சாது, ஜிம்பலில் (முக்காலியில் லென்ஸைத் தாங்கும் தலை) சமநிலை மாறாது. 1.6 கிலோ என்பதால் கையில் பிடித்தே நாள் முழுக்க எடுக்கலாம்.

குறை எஃப் 8. அந்திப்பொழுதில் 1/1000 வினாடிக்கு எஃப் 8-ல் ஐஎஸ்ஓ 12,800 வேண்டும் என்றால் எஃப் 5.6-ல் 6,400, எஃப் 4-ல் 3,200, எஃப் 2.8-ல் 1,600 போதும். காட்டுக்குள், மழைக்காலக் காலையில், இந்த வித்தியாசம் படம் உண்டா இல்லையா என்பதையே முடிவு செய்யும்.

இன்னொரு குறையைக் குறைவாகவே பேசுகிறார்கள். 40 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சாரில் ஒரு பிக்சல் சுமார் 3 மைக்ரான். எஃப் 8-ல் திறப்பின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் (விளிம்பு விளைவு) ஒரு புள்ளி சுமார் 10.7 மைக்ரான் வட்டமாக விரிகிறது. மூன்றரை பிக்சல் அகலம். எஃப் 5.6-ல் அது 7.5. ஜூமில் 1.4 கன்வெர்ட்டர் போட்டு 840 எஃப் 11 ஆக்கினால் கிட்டத்தட்ட 15 மைக்ரான், ஐந்து பிக்சல். இரண்டு மடங்கு கன்வெர்ட்டரில் எஃப் 16. இந்த நிலையில் கன்வெர்ட்டர் போட்டு எடுத்ததற்கும், போடாமல் எடுத்துக் கணினியில் வெட்டியதற்கும் விவரத்தில் வேறுபாடு மிகச் சொற்பம். ஆட்டோஃபோகஸ் மட்டும் மந்தமாகும். 150-600 வாங்குபவருக்கு எங்கள் யோசனை: கன்வெர்ட்டருக்கு வைத்த பணத்தைச் சேமியுங்கள், முடிந்தால் 26 மெகாபிக்சல் உடலோடு பயன்படுத்துங்கள்.

ஆக, ஜூம் நல்ல நுழைவாயில். அங்கேயே நின்றுவிட்டால், பறவை எடுப்பதில் கை தேறியவர் இரண்டு மூன்று ஆண்டுகளில் வேறு மவுண்டுக்குப் போய்விடுவார்.

நடு அளவு

500 எஃப் 5.6 லென்ஸில் ஃபியூஜி செய்த ஒரு காரியம் மற்ற சிறிய நிறுவனங்கள் கவனிக்க வேண்டியது. 2024-ல் முழுச் சட்டகத்தைவிடப் பெரிய சென்சார் கொண்ட நடுத்தர வடிவ ஜிஎஃப்எக்ஸ் கேமராக்களுக்கு 500 எஃப் 5.6 வந்தது, அதே ஆண்டில் எக்ஸ் மவுண்டுக்கும் 500 எஃப் 5.6 வந்தது. இரண்டிலும் 14 குழுக்களில் 21 கண்ணாடிகள், இரண்டிலும் ஃபில்டர் அளவு 95 மி.மீ. வடிவமைப்புக்கு ஒரே முறை உழைத்து, இரண்டு மவுண்டில் விற்கிறார்கள். பெரிய லென்ஸின் அடக்க விலையில் வடிவமைப்பு, அச்சு, சோதனைக் கருவி ஆகியவற்றின் பங்கு அதிகம். எண்ணிக்கை கூடினால்தான் அது குறையும். 3,000 டாலர் விலை சாத்தியமானதில் இதற்குப் பங்கு உண்டு என்றே நினைக்கிறோம்.

ஜூமோடு ஒப்பிட்டால் எஃப் 5.6 ஒரு ஸ்டாப் கூடுதல் என்று விளம்பரம் சொல்லும். பறவை தொலைவில் இருந்து, 500-ல் எடுத்ததை 600-ன் கோணத்துக்கு வெட்டினால் உண்மையான லாபம் அரை ஸ்டாப்தான்: 89-க்கும் 75-க்கும் உள்ள பரப்பு வித்தியாசம் அவ்வளவே. பறவை கிட்டத்தில் இருந்தால் முழு ஸ்டாப்பும் கிடைக்கும். கன்வெர்ட்டரில் லாபம் தெளிவு: 1.4 போட்டால் 700 எஃப் 8, அது தாராளமாகப் பயன்படுத்தத்தக்கது. நஷ்டம், பறக்கும் பறவையை முதலில் ஃபிரேமுக்குள் கொண்டுவருவது. 150-க்குப் போய்ப் பிடித்து 600-க்கு நீட்டும் வசதி இதில் இல்லை. 1,335 கிராம் என்பது வேறொரு விதத்தில் உதவும். இந்திய உள்நாட்டு விமானங்களின் 7 கிலோ கைப்பைக்குள் இந்த லென்ஸ், இரண்டு உடல், ஒரு சிறு ஜூம், மடிக்கணினி எல்லாம் அடங்கும். மூன்று கிலோ லென்ஸும் அதற்கான பையும் சேர்ந்தால் மற்றதைச் சரக்கில் போட வேண்டியதுதான்.

பெரிய லென்ஸ் எதையும் சரிசெய்ய முடியாத ஒரு சிக்கலும் உண்டு. கோடியக்கரைச் சேற்று வெளியில் பத்து மணிக்கு மேல் பூநாரையை நூற்றைம்பது மீட்டரில் எடுத்தால், தரையிலிருந்து எழும் வெப்ப அலையில் இறகு விவரம் கரைந்துவிடும். ஆயிரம் டாலர் லென்ஸுக்கும் பதினைந்தாயிரம் டாலர் லென்ஸுக்கும் அங்கே ஒரே கதிதான். லென்ஸ் ஃபோகஸ் பிடிக்கவில்லை என்று சேவை மையத்துக்கு எடுத்துப் போகும் முன் அதிகாலையில் முப்பது மீட்டருக்குள் ஒருமுறை சோதித்துப் பார்ப்பது நல்லது.

வெளியாரிடம் விடுவது

டாம்ரான் 150-500 லென்ஸ் 2022-லும், சிக்மா 100-400 லென்ஸ் 2023-லும் எக்ஸ் மவுண்டுக்கு வந்தன. இரண்டும் ஜூம்கள், இரண்டிலும் எக்ஸ் மவுண்டில் கன்வெர்ட்டர் போட வழியில்லை. வெளி நிறுவனம் விற்பனை உறுதியான இடத்துக்குத்தான் வரும். சிக்மாவின் 500 எஃப் 5.6, 300-600 எஃப் 4 இரண்டும் சோனி, எல் மவுண்டுகளுக்கே வந்திருக்கின்றன. எல் மவுண்டில் பானாசோனிக் இந்த வழியை நன்றாகப் பயன்படுத்துகிறது, ஏனென்றால் லைக்காவும் சிக்மாவும் அங்கே கூட்டாளிகள். சிக்மாவின் கன்வெர்ட்டர்களும் அங்கே வேலை செய்யும். அதே சிக்மா லென்ஸ் சோனியில் கன்வெர்ட்டர் ஏற்காது, தொடர் வேகமும் 15 ஃபிரேமுக்கு மேல் போகாது. கூட்டணி இல்லாத மவுண்டில் வெளியாரை நம்பினால் இப்படித்தான் பாதிக் கதவு திறக்கும். ஃபியூஜிக்கு இது துணை வழி, முதல் வழி ஆகாது. ஃப்ரிங்கர் அடாப்டர் போட்டு கேனனின் பழைய இஎஃப் 500 எஃப் 4 போன்றவற்றை எக்ஸ் மவுண்டில் மாட்டுவோரும் உண்டு. கிளையில் உட்கார்ந்த பறவைக்கு அது போதும். பறக்கும் பறவைக்கு நம்ப வேண்டாம்.

அடுத்த லென்ஸ் எது

143 மி.மீ. வேண்டாம். நூறை ஒட்டி நிற்க வேண்டும். ஒலிம்பஸ் 150-400 இதற்கு நல்ல சான்று. ஏபிஎஸ்-சியைவிடச் சிறிய சென்சார் வைத்திருந்த நிறுவனம் 400 எஃப் 2.8 என்று போகாமல், 89 மி.மீ. திறப்புக்குள் ஜூமையும் விசை தட்டினால் உள்ளே விழும் 1.25 மடங்கு கன்வெர்ட்டரையும் அடக்கியது. 7,500 டாலர் கொடுத்தும் ஆட்கள் வாங்கினார்கள், ஏனென்றால் அதை வேறு எவரும் 1.9 கிலோவில் கொடுக்கவில்லை.

ஃபியூஜிக்கு அதே இடத்தில் பொருந்துவது 400 எஃப் 4, உள்ளேயே 1.4 கன்வெர்ட்டரோடு. திறப்பு 100 மி.மீ. கன்வெர்ட்டர் இல்லாமல் முழுச் சட்டகத்தின் 600 கோணம், விசையைத் தட்டினால் 560 எஃப் 5.6, அதாவது 840 கோணம். மழையிலும் தூசியிலும் லென்ஸைக் கழற்றிக் கன்வெர்ட்டர் மாட்ட வேண்டியதில்லை. வயலில் சென்சார் அழுக்காவதில் பெரும்பங்கு அந்த ஒரு நிமிடத்தில்தான் நடக்கிறது. பறவை கிட்டத்தில் இருந்தால் 500 எஃப் 5.6-ஐ விட முழு ஒரு ஸ்டாப் கூடுதல் ஒளி. கனம் இரண்டு கிலோவுக்குள் வர முடியும்: 107 மி.மீ. திறப்புள்ள சோனி 300 லென்ஸ் 1,470 கிராமில் நிற்கிறது, கேனன் 2018-ல் தன் இஎஃப் 400 எஃப் 2.8-ன் மூன்றாம் பதிப்பில் கனமான கண்ணாடிகளைப் பின்னால் தள்ளியே 3,850 கிராமை 2,840-க்குக் கொண்டுவந்தது. விலை 6,500 டாலரைத் தாண்டினால் வாங்குபவர் நிக்கான் 800 பக்கம் போவார். ஜிஎஃப்எக்ஸின் பெரிய சென்சாரையும் மூடும்படி வடிவமைத்தால் 500-ல் செய்த சிக்கனத்தை இங்கேயும் செய்யலாம், கன்வெர்ட்டர் போடாத நிலையிலாவது.

இதை அறிவிக்கும் நாள் பற்றி ஒரு நிபந்தனை. 150-600 வந்த மாதிரி, ஃபோகஸ் பின்தொடர்தலில் முன்னேறிய அடுக்கு சென்சார் உடலோடு ஒரே மேடையில் வர வேண்டும். முதல் ஆறு மாதம் பெரிய நகரங்களின் சேவை மையங்களில் குறைந்தது இரண்டிரண்டு இரவல் லென்ஸ் இருக்க வேண்டும். முன்பாதுகாப்புக் கண்ணாடி, மவுண்ட் வளையம், முக்காலிப் பாதம், கன்வெர்ட்டர் விசை ஆகிய நான்கு உதிரிப் பாகங்கள் அதே மையங்களில் கையிருப்பில் இருக்க வேண்டும். கீழே விழுந்த லென்ஸில் முதலில் போவது பெரும்பாலும் இவைதான்.